பனிப்புயலும் விடுமுறைப் பிரயாணமும்

டிசம்பர் மாதத்துக் கடைசி வாரம் நெருங்கும்போது ஹிமாசலப் பிரதேசத்து மலைகளை நோக்கி இரண்டு கூட்டங்கள் புறப்படுகின்றன. மேற்கே பல தேசங்களைக் கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் மேகக் கூட்டம் ஒன்று. தெற்கே தில்லி, சண்டீகர் முதலிய சமவெளி நகரங்களிலிருந்து மோட்டார் வண்டிகளில் ஏறிவரும் ஜனக் கூட்டம் மற்றொன்று. பள்ளிக்கூடங்களுக்கும் காரியாலயங்களுக்கும் கிறிஸ்துமஸ், புது வருஷ விடுமுறை. மலையிலோ கடுங்குளிரின் ஆரம்பம். இவ்விரு கூட்டங்களும் ஒரே நாளில் ஒரே பாதையில் சந்திக்குமானால் என்ன நேரும் என்பதை நாம் ஊகித்து அறியவேண்டியதில்லை. சென்ற சில வருஷங்களின் நிகழ்ச்சிகளே அதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே, விடுமுறை வாரம் பிறப்பதற்கு முன்னரே இதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லி வைப்பது நமது கடமையெனக் கருதுகிறோம். பனி விழுந்த பிறகு எழுதப்படும் கட்டுரை பெரும்பாலும் இரங்கல் உரையாகவே முடிந்துவிடுகிறது.

பனி என்றவுடன் நம் பக்கத்து மார்கழிப் பனியை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாகாது. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்துபோகும் பனியன்று அது. மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பிரதேசங்களில் ஈரத்தைக் கவர்ந்துகொண்டு, பாரசீகத்தையும் ஆப்கானிஸ்தானத்தையும் தாண்டிக் கிழக்கு நோக்கி வரும் காற்றுத் தாழ்வுகளுக்கு வானிலை நிபுணர்கள் ‘மேற்கத்திய இடையூறு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மாதந்தோறும் இத்தகைய இடையூறுகள் பல வருகின்றன. அவை இமயத்தின் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, தாழ்ந்த இடங்களில் மழையாகவும் உயர்ந்த இடங்களில் வெண்பனியாகவும் கொட்டுகின்றன. மணாலி நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 6,700 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே ஸோலங் பள்ளத்தாக்கு சுமார் 8,400 அடி. அதையும் தாண்டி ரோதாங் சுரங்கப் பாதையின் வாயில் சுமார் 10,000 அடி. நகரத்தில் தூறலாக இருப்பது, அதே வேளையில் சுரங்க வாயிலில் முழங்கால் அளவுப் பனியாக இருக்கக்கூடும். கீழே நிற்பவனுக்கு மேலே நடப்பது தெரிவதில்லை. ஆபத்தின் முதற்காரணம் இதுவே.

இந்தப் பனியை நாம் சத்துருவாகப் பாவிக்கவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் விளையும் கோதுமைக்கு இக்குளிர்கால மழையே உயிர். ஹிமாசலத்து ஆப்பிள் மரம் போதிய குளிரைக் காணாவிட்டால் வசந்தத்தில் சரியாகப் பூப்பதில்லை. மலைமேல் தங்கும் பனி கோடையில் உருகி பியாஸ், சீனாப் முதலிய நதிகளை நிரப்புகிறது. நமது வானிலை ஆராய்ச்சியின் சரித்திரமும் இப்பனியோடு சம்பந்தப்பட்டதே. 1875-ம் ஆண்டில் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை வகித்த ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையக்கூடுமென 1884-ல் எழுதினார். அந்த அடிப்படையில் 1886-ல் பருவமழைக்கு முன்னறிக்கை வெளியிடலாயிற்று. எனவே இமயத்தின் பனி, அதைக் கண்ணால் பாராத உழவனுக்கும் உறவுடைய பொருள். அது வரவேண்டும், வந்தே தீரவேண்டும். அது வரும் நாளில் மனிதன் எங்கே நிற்கிறான் என்பதுதான் கேள்வி.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இக்கேள்விக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டிருந்தார்கள். ரோதாங் கணவாய் 13,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அதற்கு அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பின்றிப் பனியால் மூடப்பட்டுக் கிடந்தது. கணவாய் மூடுவதற்குள் அவ்வூரார் விறகும் மாட்டுத் தீவனமும் உலர்த்திய காய்கறியும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். வசதியுள்ளோர் பலர் குளிர்காலத்தைக் குல்லுவில் கழிப்பார்கள். தவிர்க்க முடியாத காரியத்திற்காகக் கணவாயைக் கால்நடையாகத் தாண்டுவோர், பிற்பகலில் காற்றெழும் என்பதை அறிந்து காலையிலேயே தாண்டிவிடுவார்கள். அவர்களுடைய பாதுகாப்பிற்காக மர்ஹியிலும் கோக்ஸரிலும் சர்க்கார் மீட்பு நிலையங்களை வைத்திருந்தது. மலையிடத்தில் அச்சமும் அடக்கமும் கோழைத்தனமல்ல, அறிவு என்பதே அவர்கள் கற்றிருந்த பாடம்.

2020-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ரோதாங்கின் அடியில் அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; மணாலிக்கும் லேவுக்கும் இடையிலுள்ள தூரம் அதனால் 46 கிலோமீட்டர் குறைந்தது. நமது எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் கடுங்குளிரில் பாறையையும் ஊற்று நீரையும் எதிர்த்து முடித்த அரும்பணி அது. பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை ஆகாய விமானத்திற்குக் காத்திராமல் ஆஸ்பத்திரி சேர்க்கும் வழி லாஹௌல் மக்களுக்குக் கிடைத்தது. இதில் தேசம் பெருமை கொள்வது நியாயமே.

ஆனால் சுரங்கம் மலைக்குள்ளே இருக்கிறது; அதற்குச் செல்லும் பாதையோ வெளியே இருக்கிறது. ஸோலங்கிலிருந்து சுரங்க வாயில் வரையில் உள்ள ஏற்றத்தில் பனி விழுகிறது. பனிச்சரிவு விழும் இடங்களும் இருக்கின்றன. முன்னெல்லாம் குளிர்காலத்தில் மூடிக்கிடந்த மலை இப்பொழுது திறந்திருக்கிறது. திறந்த வாசலைக் கண்டு உள்ளே நுழைகிறவர்கள் அதன் சுபாவத்தை அறிந்தவர்களல்லர். தில்லியிலிருந்து மட்டுமல்ல, சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் கூடத்தான் வெண்பனியைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஆசையை நாம் குறைகூற மாட்டோம். தன் தேசத்தின் மலையைத் தன் பிள்ளைக்குக் காட்ட விரும்புவது நல்ல ஆசைதான். ஆனால் ஆசை பெரிதாயிருந்தும் ஆயத்தம் சிறிதாயிருந்தால் விளைவது விபரீதம்.

2024-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 23-ந் தேதி பனி கொட்டத் தொடங்கியது. ஸோலங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் நகர முடியாமல் நின்றன. போலீஸார் இரவெல்லாம் விழித்து, குழந்தைகளையும் முதியோரையும் வண்டியிலிருந்து இறக்கிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். இத்துடன் நின்றதா? நான்கு நாட்கள் கழித்து, 27-ந் தேதி, அதே ஸோலங்கில் மறுபடியும் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கின. சுமார் 5,000 பிரயாணிகளைப் போலீஸார் மீட்கவேண்டியதாயிற்று. முதல் தடவை நேர்ந்ததை எதிர்பாராத விபத்து என்று சொல்லலாம். ஒரே வாரத்தில், ஒரே பாதையில், இரண்டாவது தடவை நேர்ந்ததற்கு என்ன பெயர் சூட்டுவது?

அந்தப் பாதையில் நடப்பது என்ன என்பதைச் சற்று விளக்குவோம். பகலில் விழுந்த பனி வண்டிச் சக்கரங்களின் கீழ் நசுங்கி இறுகுகிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்ததும், உருகிய நீர் திரும்பவும் உறைந்து கண்ணாடிபோல் பாதையில் படிகிறது. சமவெளிக்கென்று செய்யப்பட்ட டயர் அதன்மேல் பிடிப்பதில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதிலாக வழுக்கிச் செல்லும். முன்னால் ஒரு வண்டி குறுக்கே திரும்பி நின்றுவிட்டால் பின்னால் வரும் நூறு வண்டிகளும் நின்றுவிடும். அப்பொழுது பனி வாரும் இயந்திரம் மேலே வர முடியாது. ஆம்புலன்ஸும் வர முடியாது. பனியை அகற்றும் இயந்திரத்திற்கு முதலில் வேண்டியது காலியான பாதை. வண்டிகள் நிறைந்த பாதையில் எவ்வளவு சிறந்த இயந்திரமும் வெறும் இரும்புதான். ஆகவே பாதையைப் பனி மூடுவதற்கு முன்னால் மனிதன் மூடவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அதிகாரிகள் மனத்தில் பதித்துக்கொண்டால் நாம் எழுதியதன் பயன் கிடைத்துவிடும்.

இது மிகைப்பட்ட அச்சமென்று நினைப்பவர்களுக்கு நமது அண்டை நாட்டில் நேர்ந்த துயரத்தை நினைவூட்டுகிறோம். பாகிஸ்தானத்தில் ராவல்பிண்டிக்கு வடகிழக்கே, சுமார் 7,500 அடி உயரத்தில் மர்ரி என்ற மலைநகரம் இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் சில காலம் பஞ்சாப் சர்க்காரின் கோடை வாசஸ்தலமாயிருந்த ஊர் அது. 2022-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதியே கனத்த பனி விழுமென்றும் பாதைகள் அடைபடக்கூடுமென்றும் அந்நாட்டு வானிலை இலாகா அறிவித்தது. அறிவிப்பு வெளியான பின்னரும், பனியைக் காணவேண்டுமென்று பல்லாயிரக்கணக்கான வண்டிகள் மலைமேல் ஏறின. 7-ந் தேதி இரவு சுமார் நான்கு அடிப் பனி கொட்டியது. மரங்கள் முறிந்து பாதையில் விழுந்தன. விடிந்து பார்க்கும்போது வண்டிகளுக்குள்ளேயே இருபதுக்கு மேற்பட்டோர் பிணமாயிருந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குளிரால் இறந்தோர் சிலர். பனியால் மூடுண்ட வண்டிக்குள் எஞ்சினை ஓடவிட்டு, அதன் விஷவாயுவால் இறந்தோர் சிலர். பனி வாரும் இயந்திரங்கள் பல ஒரே இடத்தில் சும்மா நின்றிருந்தனவென்றும், அவற்றை ஓட்டவேண்டியவர்கள் அங்கு இல்லையென்றும் பிறகு நடந்த விசாரணையில் வெளியாயிற்று. உத்தியோகஸ்தர் பதினைந்து பேர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. போன உயிர்கள் போனவையே.

மர்ரியில் குறைந்தது வானிலை ஞானமன்று என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். புயல் வருவது இரண்டு நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் தேசத்திலும் அப்படியே. மேற்கத்திய இடையூறு பல நூறு மைலுக்கு அப்பால் இருக்கும்போதே நமது வானிலை நிபுணர்கள் கண்டுகொள்கிறார்கள். மாவட்டந்தோறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமிட்டு அபாயத்தின் அளவையும் அறிவிக்கிறார்கள். பனிச்சரிவை ஆராய்வதற்கென்றே 1969-ல் மணாலியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. இப்பொழுது பாதுகாப்பு ஆராய்ச்சி இலாகாவின் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து அப்பணி நடந்து வருகிறது. அறிவு இருக்கிறது, அறிவிப்பும் இருக்கிறது. அறிவிப்பைக் கேட்டவுடன் எழுந்து போய்ப் பாதையின் குறுக்கே சங்கிலியைக் கட்டவேண்டியவர் யார் என்பதே தீர்மானமாகாமல் இருக்கிறது. யாரையும் கட்டுப்படுத்தாத எச்சரிக்கை, பொறுப்பைக் கழித்துக்கொள்வதற்கு மட்டுமே உதவும் காகிதம்.

நமது கடற்கரையில் நிலைமை இப்படியில்லை. வங்காள விரிகுடாவில் தாழ்வழுத்தம் உண்டானால் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. அதோடு காரியம் நின்றுவிடுவதில்லை. இராமேசுவரம் போன்ற இடங்களில் விசைப்படகுகளுக்குக் கடலுக்குச் செல்லும் அனுமதிச் சீட்டு வழங்குவதை மீன்வளத் துறையார் நிறுத்திவிடுகிறார்கள். சீட்டில்லாவிட்டால் படகு போவதில்லை. மீனவனுக்கு அன்றைய கூலி நஷ்டந்தான். ஆயினும் அடுத்த நாள் கடலுக்குப் போக அவன் உயிரோடு இருக்கிறான். கடலில் செய்வதை மலையில் ஏன் செய்யக்கூடாது? கப்பலோட்டியும் மீனவனும் தொழில் தெரிந்தவர்கள். அவர்களுக்கே தடை வேண்டியிருக்கிறதென்றால், வெண்பனியை முதன்முதலாகப் பார்க்க வருபவனுக்கு அது எவ்வளவு அதிகமாக வேண்டும்!

மலைப்பாதையை முன்கூட்டி மூடுவது உலகத்தில் நடவாத காரியமுமன்று. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தின் ஸியரா நெவாடா மலையை டானர் கணவாய்ப் பக்கமாக ஒரு பெரிய நெடுஞ்சாலை தாண்டிச் செல்கிறது. பனி விழத் தொடங்கினால் வழியில் காவலர்கள் நின்று, சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டாத வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பனி மிகுந்தால் பாதையையே மூடிவிடுகிறார்கள். 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 193 அங்குலத்துக்கு மேல், அதாவது பதினாறு அடிக்கு மேல், பனி அளக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடைப்பட்ட, கூட்டம் மிகுந்த நாட்களிலேயே அந்த நெடுஞ்சாலை மூடப்பட்டது. வியாபாரிகளுக்கு நஷ்டம் வருமே என்று அங்கே பனி இறங்கி வரவில்லை. பனிக்கு மனிதர்தாம் இடங்கொடுத்தார்கள்.

நிற்க. பாதையை மூடச் சொல்வது நமக்கு எளிது. அதனால் அடுப்பு அணையும் வீடுகளும் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. மணாலியில் டாக்ஸி ஓட்டுபவனுக்கும், பனி உடையும் காலணியும் வாடகைக்கு விடுபவனுக்கும், சாலையோரத்தில் தேநீரும் சோளமும் விற்பவளுக்கும் இந்த ஒரு வாரத்து வரும்படிதான் வருஷத்துக் கடனை அடைக்கிறது. பெரிய ஹோட்டல் முதலாளி ஒரு நாள் நஷ்டத்தைத் தாங்குவார். அன்றாடம் சம்பாதிப்பவன் எப்படித் தாங்குவான்? அபாயத்தை அறிந்தும் ‘போகலாம், ஒன்றும் ஆகாது’ என்று அவன் பிரயாணியிடம் சொல்வது பேராசையால் அன்று, வயிற்றின் கட்டாயத்தால். ஆகையால் பாதையை மூடும் செலவை அவன் தலையிலேயே சுமத்துவது அநீதி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் நிவாரணத் தொகை கொடுக்கிறது. பொது நன்மைக்காக ஒருவனுடைய தொழிலை நிறுத்தினால் பொதுப் பணத்திலிருந்து அவனுக்கு ஒரு பங்கு கொடுப்பதே தர்மம். கடற்கரையில் ஒப்புக்கொண்ட தர்மத்தை மலையில் மறுப்பதற்கில்லை.

எனவே நாம் கோருவன இவை. முதலாவதாக, ஆரஞ்சு அல்லது சிவப்பு அறிவிப்பு வந்தால் எந்தப் பாதையை, எந்த மணிக்கு, எந்த உத்தியோகஸ்தர் மூடவேண்டும் என்பது குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். புயலன்று கூடி யோசிப்பதற்கு விடலாகாது. இரண்டாவதாக, வண்டிகளை ஸோலங்கில் தடுப்பதைவிட, திரும்புவதற்கும் தங்குவதற்கும் இடமுள்ள தாழ்ந்த ஊர்களிலேயே தடுக்கவேண்டும். மூன்றாவதாக, மலைமேல் ஏறும் வண்டிகளுக்கு விடுமுறை நாட்களில் ஓர் எண்ணிக்கை விதிக்கவேண்டும். இது புதிய யோசனையன்று. ரோதாங் கணவாயின் பனி புகையால் கெடுகிறதென்று, அங்கே நாள்தோறும் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே எண்ணிக்கை விதித்தது. மனிதரிடமிருந்து பனியைக் காப்பதற்கு வண்டிகளை எண்ணலாமென்றால், பனியிடமிருந்து மனிதரைக் காப்பதற்கும் எண்ணலாம். நான்காவதாக, பனி வாரும் இயந்திரமும் அதை ஓட்டுபவரும் புயலுக்கு முன்னரே வேலை செய்யவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். ஐந்தாவதாக, பாதை மூடப்பட்ட நாட்களுக்கு டாக்ஸித் தொழிலாளர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் நிவாரணமும், வர முடியாமற்போன பிரயாணிகளுக்கு ஹோட்டல் முன்பணம் திரும்பக் கிடைக்க வழியும் செய்யவேண்டும். கொடுத்த பணம் போய்விடுமே என்ற கவலையால் புயலுக்குள் வண்டியைச் செலுத்துபவர்கள் அநேகர்.

பிரயாணம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். பார்த்தபின் அதற்குக் கீழ்ப்படியுங்கள். கம்பளியும், தண்ணீரும், ஒரு வேளை உணவும், மருந்தும் இல்லாமல் மலை ஏறாதீர்கள். வண்டி பனியில் சிக்கிவிட்டால், புகை வெளியேறும் குழாயைச் சுற்றிலும் உள்ள பனியை அகற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். ஓட்டினாலும் சிறிது நேரமே ஓட்டி, ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். விடுதி அறையின் கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பு மூட்டித் தூங்காதீர்கள்; அந்தப் புகைக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, மனிதனை எழுப்பாமலே கொன்றுவிடும். திரும்பிப் போங்கள் என்று போலீஸார் சொன்னால், தெரிந்த பெரிய மனிதரின் பெயரைச் சொல்லி வாதாடாதீர்கள். உங்களுக்கு வழிவிட்டால் உங்கள் பின்னால் நிற்பவனுக்கும் வழிவிட வேண்டிவரும். கடைசியில் உங்களை மீட்பதற்கு நள்ளிரவில் பனியில் இறங்குபவன் மாதச் சம்பளம் வாங்கும் அந்தக் கான்ஸ்டபிள்தான்.

சுதந்திர நாட்டில் எவரும் எங்கும் போகலாம் என்று சொல்வோர் உண்டு. சுதந்திரம் என்பது பிறருடைய உயிரைப் பணயம் வைக்கும் உரிமையன்று. மலையைக் குடைந்து பாதை செய்யும் ஆற்றலை நாம் பெற்றுவிட்டோம். வேண்டிய நாளில் அதே பாதையை மூடும் மனவுறுதியையும் பெறவேண்டும். மேகங்கள் தங்கள் காலத்தில் வரும். விடுமுறையும் தன் தேதியில் வரும். இரண்டையும் நாம் மாற்ற முடியாது. அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் சில மைல் பாதை மட்டும் நம் கையில் இருக்கிறது. அதைப் பனி விழுவதற்கு முந்திய மாலையிலேயே மூடும் துணிவு ஹிமாசல சர்க்காருக்கு இவ்வருஷம் உண்டாகவேண்டும். மூடிய பாதையின் முன் நின்று முணுமுணுக்காமல் வண்டியைத் திருப்பும் நிதானம் நம் ஜனங்களுக்கு உண்டாகவேண்டும். அடுத்த வருஷமும் அந்த மலை அங்கேயே இருக்கும்; அதைக் காண நாமும் நம் குழந்தைகளும் இருக்கவேண்டும்.